நகரவியல் படிக்கலாமா? நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறவருக்கு ஒரு பதில்

பெரிய நகரம் ஒன்றின் நடுவில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் நகரவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நகரத் திட்டமிடல் படிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், உள்ளே என்ன சொல்லித் தருவார்கள், முடித்தால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேருங்கள். ஆனால் வெளியே இறங்கி நடக்கவும், தெரியாதவர்களிடம் பேசவும், அரசு அலுவலகத்தில் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கிப் பொறுமையாகப் படிக்கவும் மனம் இருந்தால் மட்டும் சேருங்கள். வகுப்பறையோடு நின்றுவிட்டால் இந்தப் படிப்பில் பாதிகூடக் கிடைக்காது.

முதலில் அந்த வித்தியாசம். எந்த இடத்தில் எதைக் கட்டலாம், சாலை எவ்வளவு அகலம் வேண்டும், எத்தனை மாடிக்கு அனுமதி தரலாம் என்று முடிவெடுக்கக் கற்றுத்தருவது திட்டமிடல் படிப்பு. அந்த முடிவுகள் எப்படி வந்தன, யாருக்கு நன்மை, யார் தலையில் சுமை, காகிதத்தில் நன்றாக இருந்த திட்டம் தரைக்கு வந்ததும் ஏன் வேறாக மாறியது என்று விசாரிப்பது நகரவியல். சமூகவியல், புவியியல், பொருளியல், வரலாறு, அரசியல், கட்டடக்கலை எல்லாம் இதற்குள் வந்து கலக்கும். இப்படிச் சொன்னால் மேலோட்டமாகத் தோன்றும். ஒரே ஒரு குடியிருப்பின் கதையைப் பார்த்தால் விளங்கிவிடும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களின் நடுவில் ப்ரூயிட்-ஐகோ என்ற குடியிருப்பைக் கட்டி முடித்தார்கள். ஏழைகளுக்கான அரசு வீடுகள், 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. வடிவமைத்தவர் பிற்பாடு நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களை வடிவமைத்த மினோரு யமசாகி. இருபது ஆண்டுகூட ஆகவில்லை, 1972ல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஏன்? கட்டடக்கலை மாணவர் வடிவமைப்பைக் குறை சொல்வார். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, சில மாடிகளில் மட்டுமே நிற்கும். மற்றவர்கள் படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும், அந்தப் படிக்கட்டுகளில் ஆட்களை மடக்கி வழிப்பறி நடந்தது. இது உண்மைதான். ஆனால் இதோடு நிறுத்தினால் நமக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் வேறொன்று தெரிகிறது. 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி கட்டுவதற்கான பணத்தைத் தந்தது மத்திய அரசு. பராமரிப்புச் செலவை வாடகையிலிருந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நகரத்தின் மக்கள்தொகை 1950ல் ஏறக்குறைய 8,57,000. 1970ல் அது 6,22,000. புறநகரில் வீடு வாங்க அரசே கடன் உத்தரவாதம் தந்தது, நெடுஞ்சாலைகள் வந்தன, வசதியுள்ள வெள்ளையர்கள் வெளியேறினார்கள். வீடுகள் காலியாகின, வாடகை வருமானம் குறைந்தது, அதனால் பழுது பார்க்கவில்லை, பழுது பார்க்காததால் இன்னும் காலியாயின. உதவித்தொகை வாங்கும் குடும்பத்தில் உடல் வலுவுள்ள ஆண் தங்கக் கூடாது என்ற நிபந்தனை குடும்பங்களைப் பிரித்தது. 1969ல் குடியிருந்தவர்களே வாடகை தர மறுத்துப் போராடினார்கள். இனி அந்தப் படிக்கட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? வடிவமைப்பு, நிதி, நிறவெறி, புறநகர்க் கொள்கை, நலத்திட்ட விதிகள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டு, எது எவ்வளவு பங்களித்தது என்று வாதாடுவதுதான் நகரவியல் மாணவரின் வேலை. கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், பராமரிக்கக் கிடைக்காது என்ற சிக்கல் எந்த நாட்டு நகரத்துக்கும் பொருந்தும். அதனால் மாநகராட்சி நிதிநிலை அறிக்கையைப் படிக்கச் சொல்லித் தரும் பாடம் ஒன்று உங்கள் துறையில் இருந்தால், எவ்வளவு வறட்சியாகத் தெரிந்தாலும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நகரம் உண்மையில் எதை முக்கியம் என்று நினைக்கிறது என்பதை மேயரின் பேச்சைவிட அந்த அட்டவணைகள் தெளிவாகச் சொல்லும்.

சரி, நகரத்துப் பல்கலைக்கழகம் என்பதால் என்ன கூடுதல்? நகரத்தை வீடு வீடாக ஆராய்ந்த ஒரு பழைய கதையிலேயே பதில் இருக்கிறது. 1854ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வந்தபோது மருத்துவர் ஜான் ஸ்நோ செய்ததைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இறப்புகள் பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றிக் குவிந்திருந்ததைக் கண்டார், குழாயின் கைப்பிடியை நீக்கச் செய்தார், பிறகு அந்த இறப்புகளைத் தெருப் படத்தில் குறித்தார். அந்தப் படம் மிகவும் புகழ்பெற்றது. ஆனால் படம் மட்டும் எதையும் நிரூபித்துவிடவில்லை. ஸ்நோ வீடு வீடாகப் போய் விதிவிலக்குகளை விசாரித்தார். குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐந்து பேர்தான் காலராவில் இறந்தார்கள், ஏன்? அவர்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அருகிலிருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் ஏன் தப்பினார்கள்? ஆலையில் கொடுத்த பீரைக் குடித்தார்கள், அங்கேயும் தனிக் கிணறு இருந்தது. வெகுதூரம் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு பெண் ஏன் இறந்தார்? பிராட் தெருக் குழாயின் தண்ணீர்தான் பிடிக்கும் என்று தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார்.

எனக்கு இதில் இன்னும் முக்கியமாகப் படுகிறவர் அந்தப் பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். காலரா தண்ணீரால் பரவுகிறது என்ற ஸ்நோவின் கருத்தை அவர் முதலில் நம்பவில்லை. மறுக்கத்தான் விசாரணையைத் தொடங்கினார். ஆனால் அங்கிருந்த மக்களை அவருக்கு ஏற்கெனவே தெரியும், திரும்பத் திரும்பப் போய்ப் பேச முடிந்தது. கடைசியில் 40ஆம் எண் வீட்டில் நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர், கிணற்றை ஒட்டியிருந்த கழிவுத்தொட்டிக்குள் போனதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். நிபுணர் கேட்கும் கேள்வியும், உள்ளூரில் பழகியவரின் அறிவும் சேர்ந்தபோதுதான் காரணம் பிடிபட்டது. நகரத்துக்குள்ளேயே படிக்கிறவருக்கு இந்த இரண்டாவதைச் சம்பாதிக்க நேரமும் வாய்ப்பும் இருக்கிறது. விடுமுறையில் ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது கிடைக்காது.

அதனால் நான் தரக்கூடிய முதல் ஆலோசனை: முதல் ஆண்டிலேயே ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்தெடுத்து, படிப்பு முடியும்வரை அதை விடாதீர்கள். ஒரு தெரு, ஒரு சந்தை, ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு ஆற்றங்கரை, எதுவானாலும் சரி. வரலாற்றுப் பாடத்தில் கட்டுரை கேட்டால் அந்த இடத்தின் நில உரிமை எப்படிக் கைமாறியது என்று எழுதுங்கள். பொருளியலில் கேட்டால் அங்கே வாடகை எப்படி நிர்ணயமாகிறது என்று பாருங்கள். சுற்றுச்சூழல் பாடத்தில் மழைநீர் எங்கே போகிறது என்று தேடுங்கள். பருவத்துக்கு ஒரு புதுத் தலைப்பு, புது இடம் என்று தாவுகிற மாணவர்களிடம் நிறையத் தகவல் சேரும், ஆனால் எந்த இடத்தைப் பற்றியும் உறுதியாக ஒரு வார்த்தை சொல்ல வராது.

பார்ப்பது எப்படி என்பதையும் பழக வேண்டும். ஒரு பேருந்து நிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு மணி நேரத்திலும் முதல் பதினைந்து நிமிடம் மட்டும் எண்ணுங்கள்: எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆண், பெண், முதியவர், குழந்தையோடு வந்தவர், சுமையோடு வந்தவர். வேலை நாளிலும் விடுமுறையிலும், வெயிலிலும் மழையிலும், காலையிலும் இருட்டிய பிறகும் செய்யுங்கள். கொஞ்ச நாளில் சில விஷயங்கள் தென்படும். நிழற்கூரை இருக்கும், ஆனால் மதியத்தில் அதன் நிழல் மக்கள் காத்திருக்கும் இடத்தில் விழாது. அதனால் எல்லோரும் ஒரு விளக்குக் கம்பத்தின் மெல்லிய நிழலில் வரிசையாக நிற்பார்கள். இருட்டியதும் பெண்கள் நிறுத்தத்தை விட்டு, சற்றுத் தள்ளி வெளிச்சமான கடை வாசலில் நின்று பேருந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எண்ணிப் பார்த்தால், நிறுத்தத்தில் பெண்களே இல்லை என்று கணக்கு வரும். அங்கே பெண்கள் பேருந்தையே பயன்படுத்துவதில்லை என்று ஒரு அறிக்கை முடிவுகட்டிவிடவும் கூடும். கூட நின்று பார்த்தவருக்குத்தான் அது தவறு என்று தெரியும்.

இப்படிப் பார்ப்பதால் சட்டமே மாறியிருக்கிறது. நியூயார்க்கில் 1961ஆம் ஆண்டு விதிப்படி, கட்டடத்தின் முன்னால் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால் கூடுதல் மாடிகள் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. நிறுவனங்கள் வெளியை விட்டன, மாடிகளைக் கட்டிக்கொண்டன, ஆனால் பல வெளிகளில் ஆள் நடமாட்டமே இல்லை. வில்லியம் எச். வைட் என்பவர் தன் குழுவோடு கேமராவை வைத்து, எங்கே மக்கள் தங்குகிறார்கள் என்று படம் பிடித்து எண்ணினார். வெயில், இடத்தின் பரப்பு, வடிவம் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து அவர் கண்டது, உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது. கேட்டால் இது தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் அதுவரை எந்த விதியிலும் அது இல்லை. 1975ல் விதியைத் திருத்தினார்கள்: திறந்தவெளியின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓரடி நீள இருக்கை வேண்டும்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். கலைப் பிரிவிலிருந்து வருகிறவர்கள் பலர் புள்ளியியலைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். தவிர்க்காதீர்கள். நகரத்தைப் பற்றிய பெரும்பாலான சண்டைகள் எண்களை வைத்துத்தான் நடக்கின்றன, எண் தெரியாதவர் அந்த மேடையில் வாயே திறக்க முடியாது. ஒரு நகரத்தின் மக்கள்தொகை எவ்வளவு என்ற சின்னக் கேள்வியையே பாருங்கள். பாரிஸ் மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 21 லட்சம் பேர். அதைச் சுற்றியுள்ள இல்-து-பிரான்ஸ் வட்டாரத்தையும் சேர்த்தால் 1.2 கோடிக்கு மேல். எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை ஆறு மடங்கு மாறுகிறது. வருமானமும் அப்படித்தான். எல்லோரும் நடுத்தரமாக இருக்கும் வார்டும், பாதிப் பேர் பணக்காரர் பாதிப் பேர் பரம ஏழை என்றிருக்கும் வார்டும் ஒரே சராசரியைக் காட்டலாம். எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் எல்லையைப் போட்டது யார், எதற்காக என்று கேட்கிற பழக்கம் வந்துவிட வேண்டும்.

கணினியில் வரைபடம் போடும் ஜிஐஎஸ் மென்பொருள் ஒன்றையாவது நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். க்யூஜிஐஎஸ் இலவசமாகவே கிடைக்கிறது, மாணவருக்கு அது தாராளமாகப் போதும். அதே நேரம் வரைபடம் என்ன செய்யும் என்ற பயமும் இருக்கட்டும். 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் படம் போட்டு, பகுதிகளைக் கடன் ஆபத்துப்படி நான்கு நிறங்களில் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. கடன் யாருக்கு எளிதில் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதோடு சேர்த்து அந்தப் படங்களை ஆய்வாளர்கள் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே எச்சரிக்கை உங்கள் கள ஆய்வுக்கும் பொருந்தும், இதில் நான் எந்தச் சமரசமும் செய்ய மாட்டேன். அனுமதியில்லாமல் நடைபாதையில் கடை வைத்திருப்பவர், பட்டா இல்லாத நிலத்தில் குடியிருப்பவர், ஆவணம் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளி போன்றவர்கள் உங்களை நம்பிப் பேசுவார்கள். அவர்கள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்து ஒரு அழகான படம் போட்டு இணையத்தில் ஏற்றினால், நாளைக்கு அவர்களைக் காலி செய்ய வருகிறவருக்கு நீங்களே வழி காட்டியதாகிவிடும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, சில நேரம் இடத்தையும் மறைக்க வேண்டும், சில நேரம் எழுதாமலே விட வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள், யார் படிப்பார்கள், அவர்களுக்கு இதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடித்ததும் போய், கண்டதை அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள். எத்தனையோ ஆய்வாளர்கள் வந்து கேட்டுவிட்டுப் போய்த் திரும்பிப் பார்க்காததால், பல ஏழைப் பகுதிகளில் மாணவரைக் கண்டாலே மக்கள் சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்பு நியாயமானது.

பல்கலைக்கழகமே நகரத்தின் பெரிய நில உடைமையாளர் என்பதையும் மறக்க வேண்டாம். 1968ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், பக்கத்து ஹார்லம் பகுதியின் கறுப்பின மக்கள் பயன்படுத்திய மார்னிங்சைடு பூங்காவில் தனக்கு ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்டத் தொடங்கியது. அக்கம்பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள், மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டடங்களைக் கைப்பற்றிப் போராடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஆய்வாளரையே ஒதுக்கிய கதையும் உண்டு. 1896ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் கறுப்பின மக்களின் நிலையை ஆராயக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸை அமர்த்தியது. அவர் அங்கேயே குடியேறி, வீடு வீடாகப் போய், சுமார் 2,500 குடும்பங்களைத் தானே சந்தித்து எழுதினார். வறுமைக்குக் காரணம் இனம் என்ற அன்றைய பேச்சை மறுத்து, வேலை மறுப்பையும் அதிக வாடகையையும் அடிமைமுறையின் வரலாற்றையும் ஆதாரத்தோடு முன்வைத்தார். நகரத்தைக் கள ஆய்வு செய்த முன்னோடி நூல்களில் ஒன்றாக அது 1899ல் வெளிவந்தது. அந்தப் பல்கலைக்கழகமோ அவருக்கு வகுப்பெடுக்கும் பதவியைத் தரவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் சுற்றியுள்ள பகுதியில் என்ன வாங்குகிறது, மாணவர் விடுதி வந்ததால் பக்கத்துத் தெரு வாடகை என்ன ஆனது என்பதே நல்ல ஆய்வுத் தலைப்பு.

கோட்பாடுகளைப் பற்றி நிறையச் சொல்லப்போவதில்லை, வகுப்பில் கிடைக்கும். சிகாகோவில் 1925ல் எர்னஸ்ட் பர்ஜெஸ் போட்ட வட்டப் படத்தைக் கட்டாயம் படிப்பீர்கள்: நடுவில் வணிகம், சுற்றிலும் வளையம் வளையமாகத் தொழிலாளர், நடுத்தரர், வசதியானவர். அந்தச் சிகாகோவிலேயே ஒரு பக்கம் ஏரி இருப்பதால் வளையங்கள் பாதியோடு நின்றுவிடுகின்றன. உலகின் மிகப் பல நகரங்களில் மக்கள் முதலில் குடியேறி, பிறகு வீடு கட்டி, அப்புறம் போராடித் தண்ணீரும் மின்சாரமும் வாங்கி, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் திட்ட வரைபடத்தில் இடம்பெறுகிறார்கள். ஐரோப்பிய, அமெரிக்க அனுபவத்திலிருந்து வந்த கோட்பாட்டைப் படிக்கும்போது இந்த வரிசை மாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள்.

வேலை விஷயம். மருத்துவம், சட்டம் மாதிரி இந்தப் பட்டத்துக்கென்று ஒதுக்கிவைத்த ஒரு தொழில் கிடையாது. மாநகராட்சி, வீட்டுவசதி வாரியம், போக்குவரத்து ஆலோசனை நிறுவனம், தொண்டு நிறுவனம், ஆய்வு மையம், பத்திரிகை ஆகிய இடங்களில் இந்தப் படிப்புக்காரர்கள் வேலை செய்கிறார்கள். ஆனால் விளம்பரத்தில் 'நகரவியல் பட்டதாரி தேவை' என்று வருவது அபூர்வம். தரவு ஆய்வு, வரைபடம், நேர்காணல், தெளிவான அறிக்கை எழுதுதல் இவற்றில் இரண்டிலாவது கை தேர்ந்திருந்தால் நுழைந்துவிடலாம். அதிகாரபூர்வமான திட்ட வல்லுநராக வேண்டும் என்பதுதான் உங்கள் குறிக்கோள் என்றால், பல நாடுகளில் அதற்கென்று தனியாக அங்கீகரிக்கப்பட்ட படிப்பு வேண்டும். இந்தப் பட்டத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று உங்கள் நாட்டின் தொழில்முறைச் சங்கத்திலேயே கேட்டுவிடுங்கள், கல்லூரி விளம்பரக் கையேட்டை நம்ப வேண்டாம்.

சேர்வதற்கு முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கள ஆய்வுக்கு எத்தனை மதிப்பெண், அதை வழிநடத்தும் ஆசிரியர் மாணவர்களோடு களத்துக்கு வருகிறாரா, புள்ளியியலும் ஜிஐஎஸ்ஸும் கட்டாயப் பாடமா, சட்டம், பொறியியல் போன்ற வேறு துறைகளில் பாடம் எடுக்க அனுமதி உண்டா, போன ஆண்டு முடித்தவர்களின் ஆய்வேடுகளை நூலகத்தில் பார்க்கலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சரி என்று பதில் வந்தால், போய் இரண்டு மூன்று ஆய்வேடுகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். அவற்றில் ஒரு தெருவின் பெயர், ஒரு மனிதரின் பேச்சு, நேரில் எண்ணி எடுத்த ஒரு அட்டவணை எதுவுமே இல்லாமல் மற்றவர்கள் எழுதியதன் சுருக்கம் மட்டுமே இருந்தால், வேறு பல்கலைக்கழகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.